கம்யூனிஸ்டுகள் கனவு காணலாமா?

1976-ம் வருஷம் கிழக்கு பெர்லின் நகரின் நடுவில், ஷ்ப்ரே நதிக்கரையில், ஜெர்மன் ஜனநாயகக் குடியரசின் "குடியரசு மாளிகை" திறக்கப்பட்டது. நாட்டின் மக்கள் சபை அதற்குள்ளே கூடியது. அது மட்டுமா? ஐயாயிரம் பேர் அமரும் மண்டபம், நாடக அரங்கு, உணவுச் சாலைகள், விளையாட்டுக் கூடம் எல்லாமே அந்த ஒரே கூரையின் கீழ் இருந்தன. வேலை முடிந்த தொழிலாளி குடும்பத்தோடு அங்கே போனான், பாட்டுக் கேட்டான், காப்பி குடித்தான். அந்த மாளிகையின் சுவர்களுக்கென்று 16 பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. ஓவியர்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு என்ன தெரியுமா? "கம்யூனிஸ்டுகள் கனவு காணலாமா?" என்பதுதான்.

இன்று அந்த மாளிகை இல்லை. அதே இடத்தில் பிரஷ்ய மன்னர்களின் அரண்மனை முகப்பு மறுபடியும் எழுந்து நிற்கிறது. முதலாளித்துவப் பேனாக்கள் இதைக் காட்டிக் கைகொட்டுகின்றன. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாம், கனவு கலைந்துவிட்டதாம், சோஷலிசத்துக்குப் பின்னால் வருவது சந்தைதானாம், சந்தைக்குப் பின்னால் வருவதற்கு ஒன்றுமே இல்லையாம்! அந்த நாட்டு எழுத்தாளனோ நாடகக்காரனோ வேறொரு எதிர்காலத்தைப் பற்றி வாய் திறந்தால், "பழைய நினைப்பில் புலம்புகிறான்" என்று கேலி செய்கிறார்கள்.

நம்முடைய அணிக்குள்ளேயும் வேறொரு குரல் கேட்கிறது. "கலைஞர்களை நம்பியதால்தான் கோட்டை விழுந்தது, 1989-ல் எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டவர்கள் அவர்களே" என்கிறார்கள் சில தோழர்கள்.

இரண்டு வாதமும் தவறு. எதிரியின் வாதத்தை முறியடிப்பது சுலபம். நம் தோழர்களின் வாதத்தை முறியடிப்பதுதான் கஷ்டம். ஆனால் அதுதான் அவசியம்.

நவம்பர் 4-ந் தேதி நடந்தது என்ன?

1989-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி பெர்லின் அலெக்சாந்தர் சதுக்கத்தில் லட்சக்கணக்கான மக்கள் கூடினார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தவர்கள் யார்? அமெரிக்க உளவு ஸ்தாபனமா? இல்லை. கிழக்கு பெர்லின் நாடகக் கலைஞர்கள். மேடை ஏறிப் பேசியவர்கள் யார்? நாவலாசிரியை கிறிஸ்டா வோல்ஃப், எழுத்தாளர் ஸ்டெஃபான் ஹைம், நாடகாசிரியர் ஹைனர் முல்லர், 81 வயதான நடிகை ஸ்டெஃபி ஸ்பிரா.

அவர்கள் கேட்டது என்ன? ஆலைகளை முதலாளிகளிடம் திருப்பிக் கொடுங்கள் என்றா கேட்டார்கள்? சோஷலிசம் வேண்டும், ஆனால் அது பேச்சில் அல்ல, நடப்பில் வேண்டும் என்றார்கள். மே தினத்தில் தலைவர்கள் மேடையில் நிற்க ஜனங்கள் அணிவகுத்துப் போவதுதான் வழக்கம். இனி ஜனங்கள் நிற்கட்டும், தலைவர்கள் அவர்கள் முன்னால் நடந்து போகட்டும் என்ற யோசனையை அந்த மேடையில் எடுத்துச் சொன்னார் கிறிஸ்டா வோல்ஃப். ஹிட்லருக்குத் தப்பி நாடு நாடாக அலைந்த பழம்பெரும் கம்யூனிஸ்டு ஸ்பிரா அம்மையார், தலைவர்கள் குடியிருந்த வாண்ட்லிட்ஸ் குடியிருப்பை முதியோர் இல்லமாக்கலாம் என்றார். வயதான தலைவர்கள், தாம் இப்போது மேடையைவிட்டு இறங்குவதுபோல, பதவியைவிட்டு இறங்கட்டும் என்றார். துரோகியின் பேச்சா இது? வீட்டைச் சுத்தம் செய்ய வந்த மூத்தவளின் பேச்சு!

ஹைனர் முல்லர் தம் சொந்தப் பேச்சைப் பேசவில்லை. சுதந்திரமான தொழிற்சங்கம் அமைக்கச் சொல்லும் ஒரு வேண்டுகோளை வாசித்தார். வரப்போகும் வருஷங்கள் உழைப்பாளிக்குக் கடினமானவை, விலைவாசி ஏறும், கூலி ஏறாது, இப்போதே சங்கமாகச் சேருங்கள் என்று அது எச்சரித்தது. கூட்டத்தில் ஒரு பகுதியினர் சீட்டியடித்து அவரைக் கேலி செய்தார்கள். அன்று கைதட்டல் பெறாத அந்த எச்சரிக்கைதான் பின்னால் பலித்தது.

நவம்பர் 9-ந் தேதி சுவர் திறந்தது. நவம்பர் 28-ந் தேதி ஹைமும் வோல்ஃபும் மற்றவர்களும் "நம் நாட்டுக்காக" என்ற வேண்டுகோளை வெளியிட்டார்கள். மேற்கு ஜெர்மனி விழுங்குவதற்கு இடம் கொடாமல், சோஷலிசப் பாதையில் தனி நாடாகவே நிற்போம் என்பது அதன் சாரம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் கையெழுத்திட்டார்கள். இந்தக் கையெழுத்துகளைப் பற்றி முதலாளித்துவப் பத்திரிகைகள் வாய் திறக்கின்றனவா? சுவரின்மேல் ஏறி ஆடியவர்களின் படத்தைத்தான் ஆண்டுதோறும் அச்சிடுகின்றன.

மார்க் வந்தது, வேலை போனது

உண்மையை மறைப்பது நம் வழக்கமல்ல. அந்த வேண்டுகோள் தோற்றது. 1990 மார்ச் 18-ந் தேதித் தேர்தலில் மேற்கு ஜெர்மன் கட்சிகளின் ஆதரவு பெற்ற வலதுசாரிக் கூட்டணி 48 சதவீத வாக்குகளைப் பெற்றது. வீதிக்கு முதலில் வந்த இயக்கங்களின் அணியான "அலையன்ஸ் 90" பெற்றது 2.9 சதவீதம்தான். தொழிலாளி மார்க்குக்கு வாக்களித்தான். கடையில் பொருளுக்குக் காத்துக் காத்துச் சலித்தவன், தன் பெயரால் மற்றவர்கள் ஆண்டதைப் பார்த்து வெறுத்தவன், நாவலாசிரியையின் கையெழுத்தைவிட வங்கி நோட்டை நம்பினான். அவனை ஏசி என்ன பயன்?

1990 ஜூலை 1-ந் தேதி மேற்கு மார்க் வந்தது. அதன் கூடவே "ட்ராய்ஹாண்ட்" என்ற ஸ்தாபனமும் தன் வேலையை முடுக்கிவிட்டது. மக்களின் சொத்தாக இருந்த சுமார் 8,500 தொழிற்சாலைகளும் அவற்றில் வேலை செய்த சுமார் 40 லட்சம் பேரும் அதன் கைக்குப் போனார்கள். 1994 முடிவில் அது கடையை மூடியபோது, அந்த 40 லட்சத்தில் பாதிப் பேருக்குக்கூட வேலை மிஞ்சவில்லை. ஒரு நாட்டின் ஆலைகள் அத்தனையையும் விற்றவர்கள் கணக்கு முடித்தபோது லாபம் காட்டவில்லை. இருபதாயிரம் கோடி மார்க்குக்கு மேல் நஷ்டம் காட்டினார்கள்! 1993-ல் பிஷோஃபரோடா பொட்டாஷ் சுரங்கத் தொழிலாளர்கள் சுரங்கத்தைக் காக்க உண்ணாவிரதம் கிடந்தார்கள். அந்த வருஷ முடிவிலேயே சுரங்கம் மூடப்பட்டது.

ஆலைக்கு நேர்ந்ததே கலைக்கும் நேர்ந்தது. 1946-ல் பிறந்த டேஃபா சினிமா ஸ்தாபனத்தின் ஸ்டூடியோக்கள் 1992-ல் விற்கப்பட்டன. வாங்கியது யார்? தண்ணீர் வியாபாரத்தில் வளர்ந்த ஒரு பிரெஞ்சுக் கம்பெனி! கிழக்கு ஜெர்மன் பதிப்பகங்களின் புத்தகங்கள், கிடங்குகளைக் காலி செய்வதற்காகக் குப்பை மேடுகளில் கொட்டப்பட்டன. அச்சு வாசனை போகாத, யாரும் பிரித்துப் பார்க்காத புத்தகங்கள்! மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த மார்ட்டின் வெஸ்கோட் என்ற பாதிரியார் அவற்றைப் பொறுக்கிச் சேர்த்துக் காப்பாற்றினார். புத்தகத்தைத் தீயிலிட்டால் பாசிசம் என்கிறார்களே, குப்பையில் கொட்டினால் அதற்குப் பெயர் சுதந்திரமா?

நமக்கும் இந்த வலி தெரியும். மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்களை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பொதுக்கூட்ட வாசலில் விரித்து விற்றவர்கள் நம் தோழர்கள். 1991-க்குப் பின் அந்த ஊற்று வற்றியது.

இடித்தவர்களும் கனவு கண்டவர்களும்

குடியரசு மாளிகையின் கதைக்கு வருவோம். 1990 செப்டம்பரில் ஆஸ்பெஸ்டாஸ் ஆபத்து என்று அதைப் பூட்டினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது உண்மை. அது நோய் தருவதும் உண்மை. ஆனால் மேற்கு பெர்லினில் 1979-ல் திறந்த சர்வதேச மாநாட்டு மண்டபத்திலும் அதே ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததே! அதற்கு 2019-ல் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்ற அந்தஸ்து கிடைத்தது. குடியரசு மாளிகையிலோ 2003-க்குள் ஆஸ்பெஸ்டாஸை முழுக்க அகற்றிய பிறகும், கட்டடத்தை இடித்தார்கள். நோய் ஆஸ்பெஸ்டாஸில் இல்லை, பெயரில் இருந்தது.

எலும்புக்கூடாக நின்ற அந்தக் கட்டடத்துக்குள் 2004-ல் இளம் கலைஞர்கள் புகுந்தார்கள். "மக்கள் மாளிகை" என்று பெயர் வைத்தார்கள். தரைத்தளத்தில் தண்ணீரை நிரப்பி, வந்தவர்களை ரப்பர் படகில் ஏற்றி உள்ளே அனுப்பினார்கள். அடுத்த வருஷம் உள்ளேயே ஒரு செயற்கை மலையைக் கட்டி ஏறச் செய்தார்கள். நாடகம் நடந்தது; விவாதம் நடந்தது. நார்வேயிலிருந்து வந்த லார்ஸ் ராம்பெர்க் என்ற கலைஞர் அதன் கூரைமேல் ஒரே ஒரு சொல்லைப் பெரிய விளக்கெழுத்துகளில் நிறுத்தினார்: "சந்தேகம்."

இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கலாமா? நாம் அப்படி நினைக்கவில்லை. நகரின் நடுவிலுள்ள ஓர் இடம் யாருக்குச் சொந்தம், அதில் நாளை என்ன நடக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்வியை அவர்கள் போட்டார்கள். அரசோ பதில் சொல்லவில்லை, இயந்திரத்தை அனுப்பியது. 2006-ல் தொடங்கிய இடிப்பு 2008-ல் முடிந்தது.

பிறகு எழுந்தது அரண்மனை. அந்த இடத்தில் முன்பிருந்த அசல் அரண்மனையின் எச்சங்களை 1950-ல் நம்மவர்கள் இடித்தார்கள்; அதையும் சொல்லத்தான் வேண்டும். 1918 நவம்பர் 9-ந் தேதி கார்ல் லீப்னெக்ட் சோஷலிசக் குடியரசைப் பிரகடனம் செய்ததும் அந்த அரண்மனையில்தான். இப்போதைய முகப்பு அதையெல்லாம் சொல்லவில்லை. கோபுரத்தில் 2020-ல் சிலுவை ஏறியது. 1848 புரட்சியை ஒடுக்கிய மன்னன் நான்காம் ஃபிரெடெரிக் வில்லியம் தேர்ந்தெடுத்த வேத வாக்கியங்களும் அங்கே மறுபடி பொறிக்கப்பட்டன. எல்லா முழங்கால்களும் மண்டியிடவேண்டும் என்பது அவற்றின் பொருள். உள்ளே என்ன? ஆப்பிரிக்காவிலிருந்து கொள்ளை போன பெனின் வெண்கலச் சிற்பங்கள் முதலிய பொருள்கள். இவற்றின் உரிமையை 2022-ல் நைஜீரியாவிடம் ஒப்படைக்க வேண்டி வந்தது. 2024-ல் அதே கட்டடம், தான் விழுங்கிய குடியரசு மாளிகையைப் பற்றி ஒரு கண்காட்சியும் நடத்தியது! கொன்றவனே திதி கொடுப்பதுபோல.

இப்போது சொல்லுங்கள்: பழைய நினைப்பில் மூழ்கியவர்கள் யார்? காலி மாளிகையில் நாளையை ஒத்திகை பார்த்த இளைஞர்களா? கோடிக்கணக்கில் செலவழித்து மன்னர் காலத்தை மறுபடி கட்டியவர்களா?

நம் கணக்கையும் பார்ப்போம்

இதுவரை எதிரியின் கணக்கு. இனி நம்முடைய கணக்கு.

1965 டிசம்பரில் கட்சியின் மத்தியக் கமிட்டி கூடி, டேஃபா எடுத்த படங்களைத் தாக்கியது. ஏறக்குறைய ஒரு டஜன் படங்கள் முடங்கின. 1966-ல் வந்த "கற்களின் தடம்" என்ற படம் கட்டடத் தொழிலாளர்களைப் பற்றியது. சில நாட்களிலேயே கொட்டகையிலிருந்து எடுக்கப்பட்டது. தொழிலாளர் அரசில் தொழிலாளியைப் பற்றிய படத்துக்குத் தடை! 1976-ல், அதாவது அந்த மாளிகை திறந்த அதே வருஷத்தில், பாடகர் வோல்ஃப் பீர்மானின் குடியுரிமையைப் பறித்தார்கள். அவர் யார்? ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்ட கம்யூனிஸ்டுத் தொழிலாளியின் மகன். தாமாகவே மேற்கிலிருந்து கிழக்கே குடிவந்தவர். வோல்ஃபும் ஹைமும் முல்லரும் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அவர்களுக்கு என்ன கிடைத்தது? கண்டனமும் கண்காணிப்பும்.

ஹைமின் வாழ்க்கையைப் பாருங்கள். ஹிட்லருக்குத் தப்பி ஓடினார். அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து நாஜிகளை எதிர்த்துப் போரிட்டார். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவை உதறிவிட்டுச் சோஷலிச ஜெர்மனிக்கு வந்தார். 1979-ல் எழுத்தாளர் சங்கம் அவரை வெளியேற்றியது. 1994-ல், அந்த நாடே இல்லாதபோது, இடதுசாரிகளின் பட்டியலில் நின்று ஜெர்மன் பார்லிமெண்டுக்கு வென்றார். மூத்த உறுப்பினர் என்ற முறையில் சபையைத் துவக்கிப் பேசினார். வலதுசாரிகள் கைதட்ட மறுத்து உட்கார்ந்திருந்தார்கள். நம்மவர்கள் துரத்திய மனிதர், நம்மவர்கள் தோற்ற பிறகும் நம் பக்கம் நின்றார். இவரையா துரோகி என்பது?

தோழர்களே! மாளிகைச் சுவரில் "கனவு காணலாமா?" என்று கேள்வியை மாட்டியவர்கள், அதே கேள்வியைக் கொட்டகையிலும் பத்திரிகையிலும் கேட்டவர்களை அடக்கினார்கள். கோட்டை விழுந்தது கலைஞன் தட்டியதால் அல்ல. அவன் தட்டியபோது உள்ளே இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டதால் விழுந்தது. நம் கலைக்குழுவில் ஒரு தோழன் நமக்குப் பிடிக்காத நாடகம் ஒன்றை எழுதி வரும்போது நாம் என்ன செய்யப்போகிறோம்? அந்தப் பதிலில்தான் நாம் பாடம் கற்றோமா இல்லையா என்பது தெரியும்.

கனவும் வேலையும்

கனவு காண்பது கம்யூனிஸ்டுக்குக் கடமை என்று 1902-லேயே "என்ன செய்யவேண்டும்?" நூலில் லெனின் வாதாடினார். கனவுக்கும் நடப்புக்கும் இடையில் தூரம் இருப்பதில் தவறில்லை. கனவு காண்பவன் நடப்பைக் கூர்ந்து பார்த்து, கனவு நனவாக உழைக்கிறானா என்பதே அவர் வைத்த சோதனை. 2003-ல் பீட்டர்ஸ்பர்க் நகரில் கலைஞர்களும் கவிஞர்களும் சிந்தனையாளர்களும் சேர்ந்து அமைத்த ஒரு குழு, லெனின் தம் நூலுக்குத் தலைப்பு எடுத்த அதே செர்னிஷேவ்ஸ்கி நாவலிலிருந்து தனக்குப் பெயர் எடுத்தது: "என்ன செய்யவேண்டும்?" நூறு வருஷம் கழித்தும் அந்தக் கேள்வி மடியவில்லை!

கலைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. 1989-ல் உங்கள் கனவு தோற்றதற்குக் காரணம் அது பொய்யானது என்பதல்ல. மேடைக்கும் ஆலை வாசலுக்கும் நடுவில் பாலம் இல்லை. முல்லர் வாசித்த சங்க வேண்டுகோளைச் சீட்டியடித்து அடக்கிய கூட்டம், நான்கு வருஷத்தில் பிஷோஃபரோடாவில் பட்டினி கிடக்கும் தொழிலாளியைப் பார்த்தது. சங்கம் இல்லாத கனவு கையெழுத்தோடு நின்றுவிடும். கனவு இல்லாத சங்கம் கூலிக் கணக்கோடு நின்றுவிடும்.

பெர்லினில் 1970-ல் நிறுத்திய 19 மீட்டர் உயர லெனின் சிலையை 1991-ல் துண்டு துண்டாக்கிக் காட்டில் புதைத்தார்கள். 2015-ல் அதன் தலையை அவர்களே தோண்டி எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். கல்லைப் புதைக்கலாம், தோண்டலாம், காட்சிக்கு வைத்துக் கட்டணமும் வசூலிக்கலாம். கேள்வியைப் புதைக்க முடியாது.

கம்யூனிஸ்டுகள் கனவு காணலாமா? காணத்தான் வேண்டும்! ஆனால் தனியாக அல்ல, உழைக்கும் மக்களோடு. கண்ணை மூடிக்கொண்டு அல்ல, திறந்து வைத்துக்கொண்டு!