‘வைரஸை நீக்கியாயிற்று’ என்றால் போதுமா?

“கணினியில் வைரஸ் வந்திருந்தது, ஆன்டிவைரஸ் கொண்டு நீக்கிவிட்டோம். இனி வழக்கம்போல் பணப் பரிமாற்றம் செய்யலாம் அல்லவா?” சிறு நிறுவனங்களை நடத்தும் வாடிக்கையாளர்களும் அவர்களுடைய கணக்கர்களும் வங்கிக் கிளைகளில் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. செய்யக் கூடாது என்பதே என் கருத்து. வங்கிப் பணிக்குப் பயன்படும் கணினியில் தீநிரல் புகுந்தது உறுதியானால், அதன் வட்டை முழுவதும் அழித்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிய பின்னரே அதில் இணைய வங்கிச் சேவையைத் தொடர வேண்டும்.

இதை மிகையான அச்சம் என்று சிலர் கருதலாம். ஆனால், தீநிரல்கள் பெரும்பாலும் தனியாகத் தங்குவதில்லை. 2014இல் வங்கி விவரங்களைத் திருடும் நிரலாக அறியப்பட்ட எமோட்டெட், பின்னர் வேறு பல தீநிரல்களைக் கணினிக்குள் கொண்டுவந்து சேர்க்கும் வாயிலாக மாறியது. 2007இல் கண்டறியப்பட்ட ஸியூஸ், விசைப்பலகையில் தட்டுவனவற்றைப் பதிவு செய்ததோடு, வங்கியின் இணையப் பக்கத்தையே மாற்றிக் காட்டவும் வல்லதாக இருந்தது. அதன் மூல நிரல் 2011இல் வெளியே கசிந்த பின் பல புதிய வடிவங்கள் தோன்றின. ஆன்டிவைரஸ் தான் அறிந்ததை நீக்கிவிட்டதாகச் சொல்லும். அறியாதது எதுவும் எஞ்சியிருக்கவில்லை என்று அதனால் உறுதி கூற இயலாது.

கணக்கியலோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். பேரேட்டில் ஒரு பொய்ப் பதிவு அகப்பட்டால், அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு ஏடு முழுவதும் சரியென்று எந்தத் தணிக்கையாளரும் கையொப்பமிட மாட்டார். மூலச் சீட்டுகளிலிருந்து கணக்கை மீண்டும் எழுதச் சொல்வார். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதும் அத்தகையதே.

‘ஓடிபி இருக்கும்போது என்ன கவலை?’ என்பாரும் உண்டு. தீநிரல் புகுந்த கணினியில், திரையில் தெரியும் பெறுநரின் கணக்கு எண் ஒன்றாகவும், வங்கிக்குச் செல்லும் எண் வேறொன்றாகவும் இருக்கக்கூடும். அப்போது ஓடிபியை வாடிக்கையாளரே தம் கையால் உள்ளிட்டுத் திருட்டுக்கு ஒப்புதல் அளித்துவிடுகிறார். நடப்புக் கணக்கில் இருப்பது தொழிலாளர்களின் மாத ஊதியமாகவோ, சரக்குக்குச் செலுத்த வேண்டிய தொகையாகவோ இருக்கலாம். ஒரு நாள் வேலை தடைபடுவதை அந்த இழப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

செய்யும் பணியில் வரிசை முக்கியம். முதலில் கணினியின் இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். பிறகு தூய்மையான வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை முதலாவதாகவும், வங்கிக் கடவுச்சொற்களை அடுத்ததாகவும் மாற்ற வேண்டும். மற்றக் கடவுச்சொற்களை மாற்றும் இணைப்புகள் மின்னஞ்சலுக்கே வருகின்றன என்பதே காரணம். பாதிக்கப்பட்ட கணினியிலேயே கடவுச்சொல்லை மாற்றுவது, புதிய சாவியையும் திருடனிடம் கொடுப்பதாகும். பெறுநர் பட்டியலில் நாம் சேர்க்காத பெயர் ஏதேனும் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் கணினியை அழிக்க விரையக் கூடாது, அது சாட்சியம். உடனே வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவித்து, புகாரைப் பதிவு செய்து, விசாரிப்பவர்களின் அறிவுரையைப் பெற்ற பின்னரே அதில் கை வைக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கியின் மீதும் வாடிக்கையாளரின் மீதும் தவறில்லாத மோசடியை, தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்றது. தாமதம் கூடக் கூட நம் பொறுப்பும் கூடும் என்பதே அதன் சாரம்.

அழிப்பதற்கு முன் ஆவணங்கள், கணக்குத் தரவுகள், படங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் காப்புப்படி எடுத்தால் போதும். பழைய மென்பொருள்களையும் அவற்றின் நிறுவல் கோப்புகளையும் எடுத்துச் செல்லக் கூடாது. நிறுவலுக்கான பென் டிரைவைத் தூய்மையான வேறொரு கணினியில், தயாரிப்பாளரின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து உருவாக்க வேண்டும். விண்டோஸுக்கு 8 ஜிபி கொள்ளளவு வேண்டும். நிறுவும்போது வட்டின் பழைய பகுதிகள் அனைத்தையும் நீக்கிவிட வேண்டும். ‘சி’ பகுதியை மட்டும் அழித்து, ‘டி’ பகுதியை அப்படியே விட்டுவைப்பது அரைகுறைப் பணி. முதலில் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை முடித்து, அதன் பின்னரே காப்புப்படியைச் சோதித்துத் திரும்பச் சேர்க்க வேண்டும். அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமையற்ற பயனர் கணக்கே போதுமானது.

இதிலும் விதிவிலக்கு உண்டு. 2018இல் வெளிப்பட்ட லோஜாக்ஸ் போன்றவை தாய்ப்பலகையின் நிலைநிரலிலேயே ஒளிந்துகொண்டு, வட்டை அழித்தாலும் தப்பிவிடுபவை. அவை மிக அரியவை என்றாலும், நிலைநிரலையும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பித்துக்கொள்வது நன்று.

இவ்வளவும் செய்து, இறுதியில் உரிமமற்ற விண்டோஸை நிறுவினால் எல்லாம் வீணே. அதைச் செயல்படவைக்கும் ‘கிராக்’ நிரல்கள் பல, ஆன்டிவைரஸை நிறுத்திவைக்குமாறு முதலிலேயே கேட்கின்றன. காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திறக்கச் சொல்பவரை நாம் வீட்டுக்குள் விடுவோமா? பழுதுபார்க்கும் கடையில் கணினியை ஒப்படைக்கும்போது, எந்த மென்பொருளை எங்கிருந்து பெற்று நிறுவுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினியில், உபுண்டு போன்ற கட்டணமற்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவலாம். உலாவி வழியாக நடைபெறும் வங்கிப் பணிகள் பெரும்பாலானவற்றுக்கு அது போதும்.

வங்கிகளுக்கும் இதில் கடமை உண்டு. ‘ஓடிபியைப் பகிராதீர்’ என்று அறிவிப்பதோடு எங்கள் பணி முடிந்துவிடுவதில்லை. பாதிக்கப்பட்ட கணினியோடு வரும் வாடிக்கையாளருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாக எடுத்துரைக்கும் ஒரு பக்கக் குறிப்பேனும் ஒவ்வொரு கிளையிலும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர்களும் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.