கறுத்த தோலுக்கு எதுக்கு இதெல்லாம்?

தை மாதம். ராயப்பன்பட்டியில் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தோம். அக்கா மகளுக்கு இரண்டு தாடையோரமும் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. அடுப்புக்கரி ஒட்டிய விரலால் இழுத்துவிட்டது போன்ற சாம்பல் கறுப்பு. தாடையில் வளரும் முடியை எடுக்க லேசர் வைத்துக்கொண்ட பிள்ளை அவள். மூன்றாவது முறை போய்வந்து சில வாரம் கழித்து வந்த கறுப்பு அது.

வாசலைக் கடந்து போனவர்கள் எல்லாரும் நின்று ஒரு வார்த்தை சொன்னார்கள். "லேசர் சூடுத்தா, மூஞ்சியப் பொசுக்கிருச்சு." "நம்ம தோலுக்கு அதெல்லாம் ஆகாது." அவள் பூசியிருந்த சன்ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு ஒரு பெரியம்மா சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை: "கறுத்த தோலுக்கு எதுக்கு இதெல்லாம்? வெள்ளக்காரிக்கு வெயிலு ஆகாது, பூசிக்கிறா. நாங்க நாப்பது வருசமா தோட்டத்துலயே கெடக்கோம், எங்களுக்கு என்ன ஆச்சு?"

பெரியம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அதை நம்பி, லேசர் வைத்த முகத்தோடு உச்சிவெயிலில் நிற்கும் பிள்ளைகளுக்காகத்தான் இந்தப் பேச்சை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

கறுத்த தோலை வெயில் ஒன்றும் செய்யாது என்பதில் பாதி உண்மை உண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனின், புறஊதாக் கதிரைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் பொருள். கறுப்பினத்தவரின் மேல்தோலுக்கு இயற்கையிலேயே எஸ்பிஎஃப் 13 அளவுக்குத் தடுப்பு உண்டென்றும், வெள்ளையருக்கு அது 3-ஐ ஒட்டித்தான் என்றும் 1979-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. நம் மாநிறம் இரண்டுக்கும் நடுவே வரும். தோல் புற்றுநோய் நம்மிடம் வெள்ளையரைவிட மிகக் குறைவு என்பதும் மெய். பெரியம்மாவை நாற்பது வருடம் காத்தது அந்த மெலனின்தான்.

ஆனால் அந்தக் கணக்கு நல்லாயிருக்கும் தோலுக்கு. லேசர் பட்ட தோல், வெளியே காயம் தெரியாவிட்டாலும், சில வாரத்துக்குப் புண்பட்ட தோல். நம் காலில் கொசு கடித்துச் சொறிந்த இடம் என்ன ஆகிறது? மாதக்கணக்கில் கறுப்புப் புள்ளியாக நிற்கிறது. அம்மைத் தழும்பும் பருத் தழும்பும் அப்படியே. வெள்ளைத் தோலில் அந்த இடம் சிவந்து, பிறகு மங்கிவிடும். நம் தோலில் மெலனினைச் சுரக்கும் செல்கள் துடிப்பானவை. அருகில் சூடோ கீறலோ அழற்சியோ வந்தால் உடனே விழித்துக்கொண்டு மையை வாரி இறைக்கும். அந்த நேரத்தில் வெயிலும் பட்டால் எரிகிற அடுப்பில் விறகைச் செருகுவது போலத்தான். மை மேல்தோலோடு நின்றால் சில மாதத்தில் வெளுக்கும். அதைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டால் வருடக்கணக்கில் போகாது.

பாஸ்டனில் தோல் மருத்துவராக இருந்த தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் வெயிலுக்குத் தோல் சிவக்குமா கறுக்குமா என்பதை வைத்து ஒரு வகைப்பாடு போட்டார். முதலில் அது வெள்ளைத் தோலுக்காகத்தான் எழுதப்பட்டது. மாநிறமும் கறுப்பும் ஐந்தாவது, ஆறாவது வகையாகப் பிற்பாடு சேர்ந்தவை. நம்மில் பெரும்பாலோர் நான்கிலிருந்து ஆறுக்குள் வருவோம். 2010-ல் வெளியான இன்னோர் ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமே நான்காம் வகையிலிருந்து மேலுள்ள தோலைக் கறுக்க வைத்தது, அதுவும் நாள்கணக்கில் போகாத கறுப்பு. அதே வெளிச்சம் வெள்ளைத் தோலில் அப்படி ஒரு கறுப்பையும் உண்டாக்கவில்லை. வெள்ளைக்காரிக்கு இல்லாத ஒரு தொல்லை நமக்குக் கூடுதலாக இருக்கிறது, பெரியம்மா. லேசர் வைத்த முகத்துக்கு அவளைவிட நமக்குத்தான் காபந்து அதிகம் வேண்டும்.

அடுத்தது, லேசர்தான் பொசுக்கியது என்ற தீர்ப்பு. முடி எடுக்கும் லேசர் மெலனினைத் தேடிப் போகும் ஒளி. முடியிலுள்ள கறுப்பு அந்த ஒளியை வாங்கிச் சூடாகி வேர்க்காலைச் சுடுகிறது. தோலிலும் அதே கறுப்பு இருப்பதால் கொஞ்சம் சூடு அங்கேயும் பிடிக்கும். அதனால்தான் நம் போன்ற நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி யாக் லேசரைப் பத்திரமானது என்கிறார்கள். அந்த அலையை மேல்தோலின் மெலனின் குறைவாக வாங்கும். ஒளி ஆழமாக இறங்கும். ஆக, நம்ம தோலுக்கு லேசரே ஆகாது என்பது சரியில்லை. பொருந்தாத லேசரும் அளவு மீறிய சூடும் ஆகாது.

சூட்டுக்காயம் என்றால் ஓரிரு நாளிலேயே கொப்புளமோ பொருக்கோ தெரியும், கருவி வைத்த அச்சிலேயே. என் அக்கா மகளுக்கு அப்படி எதுவும் இல்லை. மூன்றாவது வாரத்தில்தான் மெல்ல மெல்லக் கறுத்தது. இன்னொன்றும் உண்டு. வெயிலில் கறுத்துப்போன முகத்தோடு அடுத்த முறை லேசருக்குப் போய்ப் படுத்தால், கூடியிருக்கும் அந்தக் கறுப்பே ஒளியைப் பிடித்து மேல்தோலைச் சுடும். லேசருக்கு முந்தின வாரங்களிலும் வெயிலைத் தடுக்கச் சொல்வது இதற்குத்தான். லேசரையும் வெயிலையும் தனித்தனியாக நிறுத்தி எது குற்றவாளி என்று கேட்பதில் பயனில்லை. இரண்டும் கூட்டுச் சேர்ந்துதான் கெடுக்கின்றன.

"மேகம் போட்டிருக்கு, பந்தலுக்குள்ளதான வேலை" என்ற பேச்சுக்கு வருகிறேன். இது எங்கள் ஊருக்கே உரிய பேச்சு, அதனால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

இங்கே, கம்பம் பள்ளத்தாக்கில், பன்னீர் திராட்சைதான் பிழைப்பு. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே கொடி படரவிட்ட பந்தல். இலை அடர்ந்திருக்கும்போது உள்ளே நுழைந்தால் கிணற்றுக்குள் இறங்கின மாதிரி குளுமை. அந்தக் குளுமைதான் ஏமாற்றுகிறது. உடம்பில் உறைக்கிற சூடு அகச்சிவப்புக் கதிரின் வேலை. தோலைக் கறுக்க வைக்கும் புறஊதாக் கதிர் உறைக்கவே உறைக்காது. இலை இடுக்கில் விழுகிற புள்ளிவெயிலிலும், வானத்திலிருந்து சிதறிப் பக்கவாட்டில் வருகிற வெளிச்சத்திலும் அது இருக்கிறது. கவாத்து முடிந்த பந்தலைப் பார்த்திருக்கிறீர்களா? கம்பியும் குச்சியும்தான் மிஞ்சும். அண்ணாந்து பார்த்துக் கொடியைக் கட்டுகிற பெண்ணின் தாடையும் கழுத்தும் அப்படியே வானத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கும். முகத்தின் மற்ற இடத்தைவிட தாடையோரம் ஏன் கறுத்தது என்று அக்கா மகள் கேட்டாள். லேசர் வைத்த இடம் அது. பந்தலில் வேலை செய்யும்போது வெயிலை நேராக வாங்கின இடமும் அதுதான்.

மேகக் கதையும் இதே. மெல்லிய மேகத்தைத் தாண்டிப் புறஊதாக் கதிர் 80 சதவீதம் வரை கீழே இறங்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கம்பம் பள்ளத்தாக்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகைக்குள் இருக்கிறது. சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வருவது வருடத்தில் இரண்டு முறை. ஒன்று சித்திரை பிறந்ததும், அது எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று ஆவணி பத்தையொட்டி. அப்போது மலையிலிருந்து காற்று வீசும், சாரல் தூறும், ஒருவரும் வெயிலைப் பற்றிப் பேச மாட்டார்கள். மார்கழியிலும் தப்பிக்க முடியாது. நண்பகல் பன்னிரண்டேகால் மணிக்குச் சூரியன் 57 பாகை உயரத்தில் நிற்கும். ஐந்தடி ஆளுக்கு நிழல் மூன்றேகால் அடிதான்.

கண்ணாடியும் காப்பாற்றாது. புறஊதாவில் பி வகையைச் சன்னல் கண்ணாடி தடுத்துவிடும், ஏ வகையில் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடும். 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்க ஓட்டுநர் ஒருவரின் படம் 2012-ல் மருத்துவ இதழொன்றில் வந்தது. சன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் உழுத நிலம் போல வரிவரியாக மடிந்திருந்தது.

"நானும் சன்ஸ்கிரீன் போட்டேனே சித்தி, கேக்கலையே" என்றாள் அக்கா மகள். டியூபை எடுத்து வரச் சொன்னேன். ஐப்பசியில் வாங்கின 50 கிராம் டியூப், தையிலும் பாதிக்கு மேல் மிச்சம். எஸ்பிஎஃப் எண்ணை அளப்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு ஒரு கிராமுக்கு மேல் ஆகும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை நீளமாக வைத்தால் அந்த அளவு வரும். நாளைக்கு இரண்டு முறை அப்படிப் பூசினால் டியூப் மூன்று வாரத்தில் தீர்ந்துவிட வேண்டும். பட்டாணி அளவு தொட்டுத் தடவினவளுக்கு அட்டையில் போட்டிருந்த 50 எப்படிக் கிடைக்கும்? பெரிய எண்ணைத் தேடி அலையவும் வேண்டாம். எஸ்பிஎஃப் 30, பி வகைக் கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. ஏ வகைக்கான பிஏ குறியில் மூன்று நான்கு கூட்டல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். வெளிச்சத்துக்கும் கறுக்கிற நம் தோலுக்கு, இரும்பு ஆக்சைடு கலந்து தோல்நிறமாக வருகிற சன்ஸ்கிரீன் நல்லது. சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுப்பும் அதில் தெரியாது.

மஞ்சளும் எலுமிச்சையும் போதும் என்பவர்களுக்கு ஒன்று. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால், சாறு வழிந்த தடத்திலேயே வெந்து கறுப்பதுண்டு. மஞ்சள் கதிரைத் தடுக்காது, ஆறாத தோலில் அரிப்பும் உண்டாக்கலாம். இதைவிடப் பெரிய ஆபத்து, கறுப்பு போகட்டும் என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிரீம். நாட்டின் 12 நகரங்களில் முகத் தோல் கோளாறோடு வந்த 2,926 பேரைப் பார்த்த ஆய்வு 2011-ல் வெளியானது. 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். 2018-ல் அரசு இத்தகைய கிரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்புறமும் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

வெயிலை மறைத்தால் வைட்டமின் டி போய்விடுமாம். முகம் உடம்புப் பரப்பில் ஐந்து சதவீதம்கூட வராது. தோட்டவேலை இல்லாத நேரத்தில் கையும் காலும் வாங்கிக்கொள்ளட்டும்.

கடைசியாக, ஊரார் சொல்லாத ஒரு பேச்சு. லேசர் வைத்த இடத்தில் சொன்னது. எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. கறுத்துவிட்டது என்று போய்ச் சொன்னபோது, "வெயில்ல போகக் கூடாதுன்னு சொன்னோமே" என்றார்களாம். எனக்கு மிகவும் வலித்தது இதுதான். திராட்சைத் தோட்டத்துப் பெண்ணிடம் வெயிலில் போகாதே என்பது ஒரு யோசனையா? நீ என்ன வேலை செய்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை, ஆறேழு தடவை போக வேண்டிய சிகிச்சை அது. அத்தனை மாதமும் முகத்தை எப்படிக் காப்பாய் என்று கேட்டிருந்தால், கவாத்துக்கும் அறுப்புக்கும் இடையில் நாள் குறித்திருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை பூசு என்று சீட்டில் அச்சடித்திருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்தடித்த பந்தலில் வேலை பார்க்கிற கையால் முகத்தைத் தொடவே கூடாதே!

இதற்கு வழி எங்கள் பெண்களிடமே இருக்கிறது. சேலைக்கு மேலே ஆண்பிள்ளையின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. ஏலத்தோட்டத்துக்கு விடிகாலையில் ஜீப் ஏறுகிறவர்களைக் கம்பத்தில் பாருங்கள், எல்லாரும் அந்தக் கோலம்தான். துணி வியர்வையில் கரையாது, திரும்பப் பூசவும் வேண்டாம். மெல்லிய வெள்ளைப் பருத்தி மட்டும் அவ்வளவாகத் தடுக்காது, நனைந்தால் இன்னும் மோசம். நெருக்கமாக நெய்த, அடர்நிற டெரிகாட்டன் தேவலை. விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் ஊடே தெரியாத துணியாக இருக்க வேண்டும். துண்டைத் தலையோடு நிறுத்தாமல் தாடையைச் சுற்றி இழுத்துக் கட்ட வேண்டும். சன்ஸ்கிரீன் அதற்குத் துணை. வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஒன்று, மதியம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஒன்று.

கானாவிலக்கிலிருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அவளைக் கூட்டிப் போனேன். கறுப்பு வெளுக்கும்வரை லேசரை நிறுத்தச் சொன்னார்கள். மறுநாள் அவளோடு பந்தலுக்குப் போனேன். அண்ணனின் பழைய நீலச் சட்டை, மூக்குவரை ஏற்றிக் கட்டிய துண்டு. நிழல் நம்மைவிட நீளமாக இருக்கும்வரை வேலை செய், ஆள் உயரத்துக்கு வந்ததும் நிழலுக்குப் போ என்று சொல்லியிருந்தேன். தையில் அது பத்து மணியையொட்டி வரும், சித்திரையில் ஒன்பதேகாலுக்கே வந்துவிடும். கவாத்துக் கத்தரியைக் கம்பியில் மாட்டிவிட்டு வரப்பில் தன் நிழலின் மேல் அடியடியாக எண்ணி நடந்தாள். மேஸ்திரி அக்கா பார்த்துக்கொண்டே இருந்தவர், தன் நிழலையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார்.