துணையின்றிப் பாங்காக்கில் மூன்று நாட்கள்

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் பல, ஒரு தனி மனிதரின் பிரயாணத்தால் தோன்றியவை. ஒரு பெட்டியும் ஒரு முகவரிச் சீட்டுமாக, மொழி தெரியாத ரயில் நிலையத்தில் இறங்கியவர் அவர். அவர் வழி கண்டார். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். ஆயினும் இன்று நம் வீட்டு மகனோ மகளோ, "விடுமுறைக்குத் தனியே பாங்காக் போய் வருகிறேன்" என்றால், நம் வாயிலிருந்து முதலில் வரும் சொல் "வேண்டாம்" என்பதே. பெற்றோருக்கு அச்சம் இயல்பு. ஆனால் தடுப்பதனால் மட்டும் பிள்ளைகளுக்கு விவேகம் வந்துவிடாது. எப்படிப் போவது, எவரை நம்புவது என்று சொல்லி அனுப்புவதே பெரியோர் கடமை. பாங்காக்கையே உதாரணமாகக் கொண்டு அதனை இங்கே விளக்க முயல்வோம்.

1782-ஆம் ஆண்டில் முதலாம் ராமா என்னும் மன்னர் தலைநகராக்கிய ஊர் அது. தாய் மக்கள் அதனைக் 'குருங் தேப்' என்று அழைக்கின்றனர். தேவர்களின் நகரம் என்பது பொருள். அதனோடு 'மகா நகோன்' என்றும் சேர்த்துச் சொல்வர். 2006-இல் திறக்கப்பெற்ற விமான நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி. பெயர்களைக் கேட்கும்போது உறவினர் ஊருக்கு வந்தாற் போலவே இருக்கும். வெளியே வந்து பலகைகளைப் பார்த்ததும் அந்த எண்ணம் கலைந்துவிடும். ஆங்கிலம் எழுதாத இடங்களில் ஓர் எழுத்தும் நமக்குப் புரியாது. வெயிலும் வாகன நெரிசலும் சேர்ந்து, முதல் நாள் மாலைக்குள் புதியவருக்குத் தலை சுற்றிவிடும்.

ஆகையால் முதல் நாளில் புகழ்பெற்ற இடம் எதனையும் தேட வேண்டாம். ஊரின் முதுகெலும்பை மட்டும் அறிந்துகொண்டால் போதும். சாவ் பிரயா என்னும் ஆறுதான் அந்த முதுகெலும்பு. ஆற்றில் நாள்தோறும் பயணிப் படகுகள் ஓடுகின்றன. எந்தப் படகு எந்தத் துறையில் நிற்கும் என்பதை அதன் கொடியின் நிறம் காட்டும். 1999-இல் தொடங்கிய உயர்மட்ட ரயில் பாதையில் சபான் தக்சின் என்று ஒரு நிலையம் உண்டு. படியிறங்கினால் சாத்தோன் படகுத் துறை. ரயிலும் ஆறும் கூடும் அந்த ஒரு சந்திப்பை மனத்தில் பதித்துக்கொண்டவர், எங்கே வழி தவறினாலும் அங்கே திரும்பி வந்து மறுபடி புறப்படலாம். விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வருவதற்கும் 2010 முதல் ரயில் உண்டு. அது பாயா தாய் நிலையத்தில் உயர்மட்ட ரயிலோடு சேர்கிறது.

தெருக்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. சுகும்வித் போன்ற பெருஞ்சாலைகளிலிருந்து பிரியும் சந்துகளுக்குச் 'சோய்' என்று பெயர். ஒற்றைப்படை எண்கள் ஒரு புறம்; இரட்டைப்படை எண்கள் மறுபுறம். 55-ஆம் சோய்க்கு ஏறக்குறைய எதிரே இருப்பது 38-ஆம் சோய்! இதனை அறியாதவர் சாலையைக் குறுக்கே கடந்துவிட்டு வெயிலில் வெகு நேரம் அலைவார்.

இரண்டாம் நாள் அரண்மனைக்குப் போகலாம். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தியிருக்க வேண்டும். வாயிலுக்குச் சற்று முன்பே, நல்ல உடை உடுத்திய ஒருவர் புன்னகையுடன் எதிர்ப்படக்கூடும். "இன்று விசேஷம், அரண்மனை மூடியிருக்கிறது. அதற்குள் வேறொரு கோயிலைப் பார்த்து வாருங்கள்; இந்தத் துக்-துக் வண்டிக்காரர் மிகக் குறைந்த கூலிக்கு அழைத்துச் செல்வார்" என்பார். வண்டி கடைசியில் நிற்கும் இடம் ஓர் இரத்தினக் கடையாகவோ தையற்கடையாகவோ இருக்கும். பல ஆண்டுகளாக நடந்துவரும் தந்திரம் இது. உண்மையில் அரசச் சடங்குகள் நிகழும் நாட்களைத் தவிர அரண்மனை திறந்தே இருக்கும். வாயில்வரை நடந்து சென்று, சீட்டு விற்குமிடத்தில் கேட்பதே முறை.

தனியே செல்பவர் எந்த ஊரிலும் கைக்கொள்ளத்தக்க விதி இதிலிருந்து கிடைக்கிறது. வலிய வந்து உதவுகிறவரிடம் நன்றி சொல்லி நகர வேண்டும். தம் வேலையில் ஈடுபட்டிருப்பவரிடம் நாமே சென்று கேட்க வேண்டும். பழக்கடைப் பெண்மணிக்கும், படகில் சீட்டுக் கொடுப்பவருக்கும், மருந்துக் கடைக்காரருக்கும் நம்மை ஏமாற்றுவது தொழிலன்று. மொழி தெரியாவிட்டாலும் கையால் வழி காட்டுவார்கள். எல்லாரையும் சந்தேகிப்பவர் ஊரைக் காணாமலே திரும்புவார். எல்லாரையும் நம்புபவர் பணத்தை இழந்து திரும்புவார்.

அரண்மனை வளாகத்திலுள்ள மரகத புத்தர் கோயிலின் பிராகாரச் சுவர்களில் 178 சித்திரங்களாக இராமகதை தீட்டப்பட்டிருக்கிறது. அவர்கள் அதனை இராமகியென் என்பர். நம் தசகண்டன் அங்கே தோத்சகான் ஆகிவிட்டான். வழிகாட்டியின் துணையின்றியே ஒரு தமிழர் பல காட்சிகளை அடையாளம் கண்டு மகிழலாம். அருகே வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளமுள்ள சயன புத்தரையும் தரிசிக்கலாம்.

சைவ உணவினருக்கு ஒரு சொல். காய்கறி என்று சொல்லித் தருவதிலும் மீன் சாறோ இறால் விழுதோ கலந்திருக்கக்கூடும். மஞ்சள் நிறப் பலகையில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று எழுதிய கடைகளை நாட வேண்டும். அங்கே புலால், முட்டை, பால் இவற்றோடு வெங்காயமும் பூண்டுங்கூட விலக்கு. அவ்வெழுத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பசியோடு அலைய நேராது.

மூன்றாம் நாள் மாலையில்தான் தனிமை உறைக்கும். அப்பொழுது சீலோம் சாலையிலுள்ள மகா மாரியம்மன் கோயிலுக்குச் செல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய தமிழர் எழுப்பிய கோயில் அது. இன்று அங்கே மாலையும் பழமும் ஏந்தி வரிசையில் நிற்பவர்களில் தாய் மக்களே மிகுதி. நகரின் பழைய பகுதியில், 1784-இல் நிறுவப்பெற்ற பெரிய ஊஞ்சலின் சிவந்த தூண்கள் நிற்கின்றன. 1935-இல் ஊஞ்சலாட்டம் நிறுத்தப்பட்டது. அந்த விழாவின் பெயர் திரியம்பவாய், திரிபவாய். திருவெம்பாவையும் திருப்பாவையுமே கடல் கடந்து அப்படித் திரிந்தன. நமக்கு முன்பே நம் சொல் அங்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று காணும்போது, தனிமை சிறிது குறையும்.

புறப்படுகிறவர்களுக்கு இன்னும் சில. தங்கும் விடுதியின் பெயரைத் தாய் எழுத்தில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்சியில் ஏறுமுன் மீட்டர் போடச் சொல்லுங்கள். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நிலையங்களிலும் பூங்காக்களிலும் தேசிய கீதம் ஒலிக்கும்போது மற்றவர்களோடு எழுந்து நில்லுங்கள். பிக்குகளின் மீது படாமல் பெண்கள் விலகி நடப்பது அங்குள்ள வழக்கம். ஆபத்து நேர்ந்தால் சுற்றுலாப் போலீசாரின் எண் 1155.

வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாளுக்கு ஒரு முறை, குறித்த நேரத்தில் பேசுவதென்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மணிக்கொரு முறை அழைத்து, "எங்கே இருக்கிறாய்?" என்று கேளாதீர்கள். வழியைக் கண்டுபிடிக்க வேண்டிய கண்கள் அப்பொழுது தொலைபேசியிலேயே இருக்கும்.