சர்டிபிகேட் வேண்டாம், வேலை பழகட்டும்



காலேஜ் லீவு நெருங்கினால் எனக்கு வரும் போன்களில் பாதி இன்டர்ன்ஷிப் பற்றித்தான். "சார், பையனுக்கு எங்கேயாவது ஒரு சர்டிபிகேட் வாங்கித் தர முடியுமா?" கவனியுங்கள், வேலை பழக இடம் கேட்கவில்லை, சர்டிபிகேட் கேட்கிறார்கள். பணம் கட்டினால், வீட்டில் நாலு வீடியோ பார்த்ததற்கே "பயிற்சி முடித்தார்" என்று தாள் தரும் இடங்கள் இருக்கின்றன. அதற்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

வேலை பழகுவது புதுசு இல்லை. டாக்டருக்குப் படித்தவர் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜனாக இருந்தாக வேண்டும். ஆடிட்டர் ஆக ஆர்ட்டிகிள்ஷிப் உண்டு. 3 வருஷமாக இருந்ததை 2023இல் 2 ஆக்கினார்கள். பி.எட். படித்த எங்களுக்கும் பயிற்சி இருந்தது. மனோதத்துவப் புத்தகத்தில் படித்தது எதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் செல்லாது என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது!

பி.காம்., பி.எஸ்சி. பிள்ளைகள்தான் பாவம். பலருக்கு ஆபீஸ் வேலை பார்த்தவர் வீட்டிலேயே யாரும் கிடையாது. ஜிஎஸ்டி பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஆனால் பில்லில் ஜிஎஸ்டி எண்ணைத் தப்பாக ஏற்றினால், சரக்கு வாங்கியவருக்கு இன்புட் கிரெடிட் வராது, அவர் போன் போட்டுக் கத்துவார் என்பது ஆபீஸில் உட்கார்ந்தால்தான் தெரியும். மாதம் 20ஆம் தேதி நெருங்கும்போது அங்கே இருக்கும் பரபரப்பை எந்த நோட்ஸிலும் எழுத முடியாது.

அதற்காகச் சும்மா வேலை வாங்குவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கைக்காசு போட்டுப் போய்வர வசதியுள்ள வீட்டுப் பிள்ளையால்தான் முடியும். தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேருபவருக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று 1961லேயே சட்டம் போட்டாயிற்று. காலேஜ் பிள்ளைக்கு மட்டும் பசிக்காதா?

என்னிடம் படித்தவர்களில் ஆடிட் ஆபீஸ், லேப், ஒர்க்‌ஷாப், பிரஸ் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். வருகிற லீவில் ஆளுக்கு ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதில்லை. டீ வாங்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும் மட்டும் அனுப்பாமல், ஒரு வேலையை முழுசாகக் கையில் கொடுங்கள். தப்பு செய்தால் திட்டுங்கள், பரவாயில்லை, நானும் உங்களைத் திட்டியிருக்கிறேன். மத்தியானச் சாப்பாடும் பஸ் காசும் உங்கள் பொறுப்பு.

இடம் உள்ளவர்கள் எனக்குப் போன் செய்யுங்கள். கேட்ட பிள்ளைகளின் பெயர்களை டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்