யாரும் தேடாத கொலை

‘அமெரிக்கன் சைக்கோ’ பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம் இலக்கிய நண்பர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: பேட்ரிக் பேட்மன் உண்மையிலேயே கொன்றானா, எல்லாம் அவன் மனப்பிரமையா? பிரெட் ஈஸ்டன் எல்லிஸின் நாவல் 1991இல் வந்தது. மேரி ஹாரன் 2000இல் அதைப் படமாக்கினார். இத்தனை ஆண்டுகள் கழிந்தும் இப்புதிரை அவிழ்ப்பதையே ரசனை என்று கருதுகிறோம். என் வரையில் இது பிழையான கேள்வி.

படத்தின் அந்த விசிட்டிங் கார்டு காட்சியை நினைவுகூருங்கள். 1980களின் வால் ஸ்ட்ரீட். நிதி நிறுவன இளைஞர்கள் தம் கார்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைக்கிறார்கள். எல்லோரும் துணைத் தலைவர்கள். தொலைபேசி எண்கூட ஒன்றுதான். வேறுபடுபவை தாளின் வண்ணமும் எழுத்துருவும் மட்டுமே. பால் ஆலனின் கார்டைக் கண்டதும் பேட்ரிக்கின் கை நடுங்குகிறது.

அந்த அவமானம் அடுத்து எங்கே போய் இறங்குகிறது? ஆலனிடமல்ல. இருண்ட சந்தில் கிடக்கும் வீடற்ற கறுப்பின மனிதர் ஒருவரிடம். வேலை தேடிக்கொள்ளக் கூடாதா என்று அவருக்கு உபதேசித்துவிட்டுக் குத்திக் கொல்கிறான். அவருடைய நாயையும் விடவில்லை. உபதேசிப்பவன் உருப்படியாக ஒரு வேலை செய்வதைப் படம் முழுக்க நாம் காண்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

பின்னர் ஆலன் காணாமற்போனதும் துப்பறிவாளர் வருகிறார். ஆலனோடு லண்டனில் உணவருந்தியதாக வழக்கறிஞர் சொல்கிறார். நம் விவாதமும் அந்தச் சாட்சியத்தையே பற்றிக்கொள்கிறது. எதிரே நிற்பவனையே வேறொருவனாக எண்ணிப் பேசும் மனிதரின் சாட்சியம் அது! சந்தில் இறந்தவரைத் தேடியோ எவரும் வரவில்லை. படத்தில் மட்டுமல்ல, நம் கட்டுரைகளிலும்.

எல்லாம் பிரமை என்று வாதிக்கப் படத்தில் இடமுண்டு, மறுக்கவில்லை. பிரமை என்றே கொள்வோம். அப்போதும், தோற்றவனின் ஆத்திரம் வென்றவனை விட்டுவிட்டு முதலில் ஏன் தனக்குக் கீழே கிடப்பவன்மேல் பாய்கிறது? இதற்கு மனநோய் என்பது விடையாகாது. 2008இல் லேமன் பிரதர்ஸ் திவாலானபோது உலகம் கண்டதும் இந்தக் கணக்கைத்தான்: சூதாடியவர்கள் வங்கியாளர்கள், வீடிழந்தவர்கள் எளியவர்கள்.

பேட்ரிக்கைப் பைத்தியம் என்று முத்திரையிட்டால் அவனை உருவாக்கிய அலுவலகம் தப்பித்துவிடுகிறது. அந்த முத்திரையைக் குத்தும் வேலையை வாசகர்களாகிய நாம் ஏன் செய்ய வேண்டும்?