நெய் வேஷம் போட்ட எண்ணெய்!

தீபாவளி வருகிறது. பிள்ளைகள் பலகாரத்துக்குக் காத்திருக்கிறார்கள். நெய் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. என்ன செய்வது?

“டேய், ஓடிப்போய் அரைக் கிலோ டால்டா வாங்கி வா!”

நம் பாட்டி அப்படிச் சொன்னார். அம்மா சொன்னார். இன்றும் சில வீடுகளில் சொல்கிறார்கள்.

டால்டா என்பது ஒரு சரக்கின் பெயர்தான். ஆனால், எந்தக் கம்பெனி செய்தாலும் நம் ஊரில் அதற்கு டால்டா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதன் சரியான பெயர் வனஸ்பதி. “காட்டுக்குத் தலைவன்”, அதாவது பெரிய மரம் என்பது அந்த வடமொழிச் சொல்லுக்குப் பொருள். பெயர் பெரியதுதான். பொருள் என்ன?

வனஸ்பதி நெய் அல்ல. பாலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது எண்ணெய். நெய்யைப் போல வேஷம் போட்ட எண்ணெய்!

எண்ணெய் உறைந்தது எப்படி?

கடலை எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி வையுங்கள். நம் ஊர் வெயிலில் அது உறையுமா? உறையாது. ஆனால் வனஸ்பதி கட்டியாக, வெள்ளையாக, மணல் மணலாக இருக்கிறது. இந்த வித்தையைச் செய்வது ஹைட்ரஜன் என்ற வாயு.

எண்ணெயைச் சூடாக்குவார்கள். அதில் நிக்கல் என்ற உலோகத் தூளைப் போடுவார்கள். பிறகு ஹைட்ரஜன் வாயுவை அதற்குள் செலுத்துவார்கள். எண்ணெய் மெல்ல மெல்ல இறுகும். நிக்கலை வடிகட்டி எடுத்துவிடுவார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெம் நார்மன் என்ற ரசாயன நிபுணர் 1902-ம் ஆண்டில் இந்த முறைக்கு உரிமை பெற்றார்.

அதற்கு முன்பே வெண்ணெய்க்கு ஒரு போலி வந்துவிட்டது. 1869-ம் ஆண்டு. பிரான்ஸ் தேசத்தை மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலம். வெண்ணெய்க்குப் பதிலாக மலிவான பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தால் பரிசு என்று அறிவித்தான். மெழ் மூரியே என்பவர் மாட்டுக் கொழுப்பில் ஒரு பண்டம் செய்து காட்டினார். அதுதான் மார்கரின். யாருக்காகச் செய்தார்கள்? படைவீரர்களுக்காக, ஏழைகளுக்காக. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போலிக் கொழுப்பின் கதை தொடங்கிய நாளிலிருந்தே அது ஏழையின் தட்டுக்காகச் செய்த பண்டம்.

இந்தியாவில் டால்டா 1937-ல் வந்தது. டின்னில் பச்சைப் பனைமரப் படம். அந்த டின்னைப் போலவே உருண்டையாக ஒரு வண்டி செய்து தெருத்தெருவாக ஓட்டினார்களாம். ஜனங்கள் கூடுகிற இடத்தில் சமைத்துக் காட்டினார்கள். சினிமா கொட்டகைகளில் படம் போட்டார்கள். விளம்பரத்துக்குக் கேட்பானேன்! டின் காலியான பிறகும் வீட்டைவிட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டில் ஒரு டின்னில் அரிசி அளந்தார்கள். இன்னொன்றில் துளசி வளர்ந்தது.

நல்லெண்ணெய் செய்த காவல்

வனஸ்பதி வந்தவுடன் ஒரு தகராறும் வந்தது. அதை நெய்யில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. வியாபாரிகள் சிலர் சும்மா இருப்பார்களா? கலந்தார்கள்.

“வனஸ்பதிக்கு ஒரு நிறம் கொடுத்துவிடுங்கள், நெய்யில் கலந்தால் காட்டிக் கொடுத்துவிடும்” என்று பலர் கேட்டார்கள். நிறம் தேடினார்கள். சூட்டில் மங்காத, உடம்புக்குக் கெடுதல் செய்யாத, சுலபத்தில் அகற்ற முடியாத நிறம் வாய்க்கவில்லை.

கடைசியில் கை கொடுத்தது எது தெரியுமா? நம் நல்லெண்ணெய்! வனஸ்பதி செய்யும்போது நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். ருசிக்காக அல்ல. நல்லெண்ணெயில் உள்ள ஒரு பொருள், பரிசோதனைச் சாலையில் அமிலமும் ஒரு ரசாயனமும் பட்டால் சிவந்துவிடும். நெய்யைச் சோதிக்கும்போது சிவப்பு வந்தால், அதில் வனஸ்பதி கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். திருடனின் காலில் சலங்கை கட்டியது போல!

காந்தியடிகள் வனஸ்பதியை எதிர்த்தார். 1946-ல் தம் ‘ஹரிஜன்’ பத்திரிகையில் எழுதினார். 1950-ல் அதைத் தடை செய்ய வேண்டும் என்று பார்லிமெண்டில் ஒரு மசோதா வந்தது. நிறைவேறவில்லை. தடுக்க வேண்டாம் என்றவர்களிடமும் ஒரு நியாயம் இருந்தது. நாட்டில் நெய் போதாது. இருக்கும் நெய்யை வாங்க ஏழைக்குக் காசு போதாது. வைட்டமின் ‘ஏ’ சத்தை வனஸ்பதியில் சேர்க்கச் சட்டம் இருந்தது. அப்படியிருக்க என்ன கெடுதல் என்று கேட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது நல்ல கேள்விதான். பதில் சொல்லும் விஞ்ஞானம் அப்போது வளரவில்லை.

கோணல் நிமிர்ந்தது, குற்றம் வந்தது!

எண்ணெயின் அணுக்கூட்டத்தை ஒரு சிறு கம்பி என்று நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண எண்ணெயில் அந்தக் கம்பி வளைந்திருக்கும். வளைந்த கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது. ஆகவே எண்ணெய் ஓடுகிறது. ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றும்போது சில கம்பிகள் நிமிர்ந்துவிடுகின்றன. நிமிர்ந்த கம்பிகள் விறகுக் கட்டைபோல அடுக்காகப் படியும். எண்ணெய் உறையும். இப்படி நிமிர்ந்த கொழுப்புக்கு ‘டிரான்ஸ்’ கொழுப்பு என்று பெயர். பால், நெய்யிலும் இது இயற்கையாகவே கொஞ்சம் உண்டு. ஆனால் பழைய வனஸ்பதியில் அது கொஞ்சநஞ்சம் அல்ல.

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பிரெட் குமரோ என்ற பேராசிரியர் இருந்தார். மனித உடம்பின் திசுக்களில் இந்தக் கொழுப்பு தங்கியிருப்பதைக் கண்டு, 1957-லேயே எழுதினார். யாரும் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. அவர் விடவில்லை. 2009-ல், 94 வயதில், அமெரிக்க உணவு மருந்து இலாகாவுக்கு மனுக் கொடுத்தார். பதில் இல்லை. 2013-ல், 98 வயதில், அந்த இலாகா மீது வழக்கே போட்டார்! 2015-ல், ஹைட்ரஜன் அரைகுறையாக ஏற்றிய எண்ணெயை உணவில் சேர்ப்பது பத்திரம் அல்ல என்று இலாகா முடிவு சொன்னது. அப்போது அவருக்கு வயது 100. 2017-ல், 102-வது வயதில் காலமானார்.

இதற்கிடையில் 1990-ல் ஹாலந்து நாட்டில் மென்சிங்க், கட்டான் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 59 பேருக்கு வெவ்வேறு கொழுப்பு சேர்த்த உணவை மூன்று மூன்று வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். டிரான்ஸ் கொழுப்பு சாப்பிட்டபோது இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிரால் ஏறியது. நல்ல கொலஸ்டிரால் இறங்கியது. இரண்டு பக்கமும் அடி!

2006-ல் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். ஒருவர் சாப்பிடும் கலோரியில் நூற்றுக்கு 2 பங்கு டிரான்ஸ் கொழுப்பாக இருந்தால், இருதய நோய் அபாயம் நூற்றுக்கு 23 பங்கு கூடுகிறது என்று தெரிந்தது. 2 பங்கு என்பது எவ்வளவு? தினம் 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். ஒரே ஒரு டீஸ்பூன்! உலகத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் பேர்வரை இந்தக் கொழுப்பினால் வரும் இருதய நோயில் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது.

சட்டம் வந்தது

முதலில் விழித்துக்கொண்டது டென்மார்க். கொழுப்பில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இந்த டிரான்ஸ் இருக்கக் கூடாது என்று 2003-ல் சட்டம் செய்தது. 2009-ல் தில்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் இந்திய வனஸ்பதிகளை வாங்கிச் சோதித்தது. டென்மார்க் அளவைப் போல 5 மடங்கு முதல் 12 மடங்குவரை இருந்தது. நம் சர்க்கார் முதலில் 10 பங்கு என்று வரம்பு கட்டியது. பிறகு 5 ஆயிற்று. 2021-ல் 3 ஆயிற்று. 2022-ல் 2 ஆயிற்று.

நல்ல காரியம். பாராட்ட வேண்டும். ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 1957-ல் ஒருவர் கையைத் தூக்கினார். 2022-ல் நம் வரம்பு 2-க்கு வந்தது. நடுவில் 65 வருஷம். இந்த 65 வருஷத்தில் சோற்றில் நெய் விட்டுக்கொள்ள வசதி இல்லாத வீட்டில்தான் வனஸ்பதி அதிகம் புழங்கியது. “பாவம், பிள்ளைகள் நெய் மணக்கச் சாப்பிடட்டும்” என்று அன்போடு போட்ட தாய்மார்கள் எத்தனை பேர்! அவர்கள்மீது குற்றம் இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

2 பங்கு வரம்பு வந்துவிட்டதே, இனிமேல் பயம் இல்லையா? அவசரப்படாதீர்கள். டிரான்ஸ் போன இடத்தில் வேறு கொழுப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. பல சரக்குகளில் அது பாமாயில். பாமாயிலில் ஏறக்குறையப் பாதி, நிறைவுற்ற கொழுப்பு என்று டாக்டர்கள் சொல்லும் வகை. அதுவும் கெட்ட கொலஸ்டிராலை ஏற்றும். டிரான்ஸ் அளவுக்குக் கொடியது அல்ல, அவ்வளவுதான். நெய்க்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். நெய்யிலும் பாதிக்கு மேல் அதே வகைதான். ஒரு ஸ்பூன் நெய் வேறு, ஒரு கரண்டி நெய் வேறு.

கொழுப்பே உடம்பில் ஒட்டாத கொழுப்பு என்று அமெரிக்காவில் இன்னொன்று செய்தார்கள். பெயர் ஓலெஸ்டிரா. 1996-ல் சர்க்கார் அனுமதி கொடுத்தது. உருளைக்கிழங்கு வறுவலை எவ்வளவு தின்றாலும் சதை போடாது என்று ஜனங்கள் மகிழ்ந்தார்கள். அது வயிற்றில் தங்காமல் வெளியே போயிற்று. சிலருக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டு போயிற்று! போகும்போது வைட்டமின்களையும் கையோடு இழுத்துப் போனது. அந்த வைட்டமின்களை மறுபடி சேர்த்து விற்கும்படி ஆயிற்று. நாக்குக்கு மட்டும் கொடுத்து வயிற்றை ஏமாற்றப் பார்த்த கதை.

சீட்டு இல்லாத பலகாரம்

என்னுடைய உண்மையான கவலை பாக்கெட்டைப் பற்றியது அல்ல. பாக்கெட்டில் சீட்டு இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் படிக்கலாம். ‘ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு’, ‘வனஸ்பதி’, ‘பேக்கரி ஷார்ட்டனிங்’ என்று போட்டிருந்தால் என்ன சங்கதி என்று தெரிந்துவிடும். அச்சு பொடியாக இருக்கும், இங்கிலீஷில் இருக்கும். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

சீட்டே இல்லாத பலகாரத்துக்கு என்ன செய்வது? கண்ணாடி ஜாடியில் இருக்கும் பிஸ்கட்டு, டீக்கடை பப்ஸ், வண்டியில் சுடும் புரோட்டா, கிரீம் பன். இவை எதில் செய்தவை என்று எந்த எழுத்தும் சொல்லாது. கூலி வேலைக்குப் போகிறவருக்குக் காலைப் பலகாரமே சில நாள் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான்.

எங்கள் தெரு முனையில் ஒரு கடை. ‘நெய் பிஸ்கட்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். “அண்ணே, நெய்யிலா செய்தது?” என்று கேட்டேன்.

“நெய்யில் செய்தால் இந்த விலைக்குக் கட்டுமா, தம்பி? பேருதான் நெய் பிஸ்கட்!” என்றார். ஒளிவு மறைவு இல்லை. மனுஷன் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவர் சொன்னதை அவர் கடைப் பலகையும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. சின்னக் கடைகளுக்குப் பெரிய சட்டம் போட்டு வாட்ட வேண்டாம். ஒரு பலகை போதும். தமிழில், பெரிய எழுத்தில்: “இங்கே பலகாரம் இன்ன எண்ணெயில் செய்தது.” கடலை எண்ணெய் என்றால் கடலை எண்ணெய். பாமாயில் என்றால் பாமாயில். வனஸ்பதி என்றால் வனஸ்பதி. நெய் இல்லாத பண்டத்துக்கு நெய் என்று பெயர் வைக்கக் கூடாது. இதற்குக் கடைக்காரருக்கு ஒரு டப்பா பெயிண்ட் செலவு.

இன்னொன்றும் அந்தப் பலகையில் சேரலாம். சட்டியில் எண்ணெய் எத்தனை நாளாகக் காய்கிறது? திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெயில் கெட்ட பொருள்கள் சேருகின்றன. அவை நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டினால் அந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. அந்தப் பங்கை அளக்கக் கருவி வேண்டும். நம்மிடம் கருவி இல்லை; கண் இருக்கிறது. எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, காய்ந்தவுடன் புகைந்தால், அந்தக் கடையில் வடை வேண்டாம். வீட்டிலும் அப்படித்தான். தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெயைப் பொங்கல்வரை இழுக்கிறவர்கள் உண்டு!

“அப்படியானால் பண்டிகைக்கு என்னதான் செய்வது?” என்று தாய்மார்கள் கேட்பார்கள். கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ கொஞ்சமாக வாங்குங்கள். நாலு வகைப் பலகாரத்துக்கு இரண்டு வகை செய்யுங்கள். நெய் வாசனை வேண்டுமென்றால் இறக்கும்போது மேலே ஒரு ஸ்பூன் நெய் விடுங்கள். பிள்ளைகளுக்கு அந்த மணம் போதும்.

இந்த வாரம் தெருமுனைக் கடையில் பிஸ்கட் வாங்கும்போது நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் பலகை எழுத ஆள் தேடுவார்.