கயிற்றை இழுத்தால் யார் வருவார்?

வேலைப் பயிற்சியை முடித்துத் திரும்பும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களிடம் "வேலையிடம் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். நிறுவனம் எவ்வளவு பெரியது, எத்தனை மாடிக் கட்டடம் என்பதெல்லாம் பிறகுதான் வரும். முதலில் வருவது மேற்பார்வையாளரைப் பற்றிய பேச்சு. "நல்லவர், கேட்டால் சொல்லித் தருவார்" என்பார் ஒருவர். "எதைக் கேட்டாலும் அவர் முகம் மாறிவிடும், அதனால் கேட்பதையே விட்டுவிட்டேன்" என்பார் இன்னொருவர். இந்த இரண்டாவது பதில்தான் கவலை தருகிறது. பதினெட்டு வயதில் வேலையிடத்துக்குப் போன ஒருவர் அங்கே கற்ற முதல் பாடம் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் என்றால், அவரை அங்கு அனுப்பியதன் பயன் என்ன?

ஊழியர்களுக்கு ஊக்கமூட்ட வேண்டும் என்று நிறுவனங்கள் பேசாத நாளில்லை. வெளியிலிருந்து பேச்சாளரை அழைத்து வருகிறார்கள். ஆண்டு விருந்து வைக்கிறார்கள். சுவரில் பொன்மொழி மாட்டுகிறார்கள். இவற்றில் தவறேதும் இல்லை. ஆனால் ஊழியரின் ஊக்கம் பெரும்பாலும் வேறோர் இடத்தில் முடிவாகிறது. "சார், இங்கே ஒரு பிரச்சினை" என்று அவர் சொன்ன அடுத்த ஒரு நிமிடத்தில் மேலாளர் என்ன செய்கிறார் என்பதில்தான் அது இருக்கிறது. இதற்கு நல்ல சான்றாக ஒரு கார் ஆலையின் கதை உண்டு. நிர்வாகவியல் படிப்போர் பலர் இதை வகுப்பில் கேட்டிருப்பார்கள். மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ஃபிரீமோண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஓர் ஆலை இருந்தது. 1960களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டு 1982ல் மூடப்பட்டது. மூடப்படும் காலத்தில் அதற்கு நல்ல பெயர் இல்லை. எந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வந்திருக்கமாட்டார். வந்தவர்களிலும் சிலர் வேலை நேரத்தில் மது அருந்தினார்கள். தீர்க்கப்படாத முறையீடுகள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. தொழிற்சங்கத்தின் வட்டாரத் தலைவராக இருந்தவர் பெயர் புரூஸ் லீ (நடிகர் அல்ல, பெயர் ஒற்றுமைதான்). அவரே அங்கிருந்தவர்கள் கார்த் துறையிலேயே மிக மோசமான தொழிலாளர்களாகக் கருதப்பட்டவர்கள் என்று பின்னாளில் ஒளிவுமறைவின்றிக் கூறினார்.

அந்த ஆலையில் மாறாத விதி ஒன்று இருந்தது. கார்கள் நகர்ந்து செல்லும் உற்பத்தி வரிசை நிற்கவே கூடாது. ஒரு காரில் தவறான பாகம் பொருத்தப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் அது அப்படியே நகரும். கடைசியில் வேறு யாராவது பிரித்துச் சரிசெய்வார்கள், அல்லது செய்யமாட்டார்கள். தான் செய்வது தவறான கார் என்று தெரிந்தும் எட்டு மணி நேரம் வாய்மூடி நிற்கும் மனிதனிடம் எந்தப் பேச்சாளர் வந்து ஊக்கத்தைப் பற்றிப் பேச முடியும்?

பிறகு ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் டொயோட்டாவும் கூட்டுச் சேர்ந்து, அதே கட்டடத்தில் 'நூமி' என்ற பெயரில் புதிய ஆலையைத் தொடங்கின. 1984 டிசம்பரில் முதல் கார் வெளிவந்தது. நிர்வாகம் டொயோட்டாவின் கையில். தொழிலாளர்கள்? ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் பழைய ஆலையில் வேலை பார்த்தவர்கள். யாரைச் சரிப்படாதவர்கள் என்று ஒதுக்கினார்களோ, அவர்களையேதான் மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். ஓராண்டு, ஈராண்டுக்குள் அந்த ஆலையின் கார்கள் தரத்தில் அமெரிக்காவின் சிறந்த கார்களோடு போட்டியிட்டன. வேலைக்கு வராதோர் விகிதம் ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

ஆட்கள் மாறவில்லை. மாறியது என்ன?

பல மாறின. மேலதிகாரிகளுக்கென்று தனிச் சாப்பாட்டு அறை, தனிக் கார் நிறுத்துமிடம் போன்றவை நீக்கப்பட்டன. குழுத் தலைவர்களாக வரவிருந்த நூற்றுக்கணக்கானோர் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு, டொயோட்டா தொழிலாளர்களோடு தோளோடு தோள் நின்று வேலை கற்றார்கள். ஆனால் எல்லாருடைய நினைவிலும் தங்கியது ஒரு கயிறு. உற்பத்தி வரிசையின் ஓரமாக, கைக்கெட்டும் உயரத்தில் அது தொங்கியது. யாருக்காவது சிக்கல் என்றால் அதை இழுக்கலாம். இழுத்ததும் விளக்கு எரியும், இசை ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடிவருவார். வரிசை உடனே நின்றுவிடாது. கார் அந்த இடத்தைக் கடப்பதற்குள் இருவரும் சேர்ந்து சரிசெய்யப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் மட்டுமே வரிசை நிற்கும்.

கவனித்துப் பாருங்கள். கயிற்றை இழுத்தவருக்குக் கிடைத்தது திட்டு அல்ல, ஆள் உதவி. "ஏன் இழுத்தாய்?" என்ற கேள்வி வரவில்லை, "எங்கே சிக்கல்?" என்ற கேள்வி வந்தது. ஆலையின் கடைநிலைத் தொழிலாளிக்கு, தன் மேலாளரைத் தன் இடத்துக்கு வரவழைக்கும் உரிமை கிடைத்தது. நல்ல தகவல்தொடர்பு என்றால் மேலாளர் அழகாகப் பேசுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஃபிரீமோண்டில் அது அவர் விரைந்து வருவதாக இருந்தது.

கயிறு மட்டும் இந்த மாற்றத்தைச் செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆட்குறைப்புச் செய்வதற்கு முன்பு நிர்வாகிகளின் சம்பளத்தைக் குறைப்போம் என்று தொழிற்சங்க ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 1980களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோது, யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சொன்னதைச் செய்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் தொழிலாளிக்குக் கயிற்றின்மேல் நம்பிக்கை வந்தது. சம்பளமும் வேலைப் பாதுகாப்பும் சரியாக இல்லாத இடத்தில் "மனம்விட்டுப் பேசுங்கள்" என்று சொல்வது ஏமாற்று வேலை.

ஜெனரல் மோட்டார்ஸ் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தது, மற்ற ஆலைகளிலும் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்து பார்த்தது. ஒரு மேலாளர் நூமி ஆலையின் ஒவ்வோர் அங்குலத்தையும் படமெடுத்து வந்து நம் ஆலையையும் அப்படியே ஆக்குங்கள் என்று உத்தரவிட்ட கதையை அங்கு வேலை பார்த்தவர்கள் இன்றும் சொல்வதுண்டு. கயிற்றைப் படமெடுக்கலாம். இழுத்தவுடன் வரும் ஆளின் முகத்தைப் படமெடுத்து இன்னோர் ஆலையில் ஒட்ட முடியாது. எத்தனை கார் வெளியே போனது என்பதை மட்டும் வைத்து மேலாளர்களை எடைபோடும் வழக்கம் மற்ற ஆலைகளில் அப்படியே நீடித்தது. வரிசையை நிறுத்துபவன் அவர்கள் கண்ணுக்கு எதிரியாகத்தான் தெரிவான்.

இதற்கும் முந்திய இன்னோர் ஆய்வும் பாடநூல்களில் அடிக்கடி வரும். 1920களில் சிக்காகோ அருகே, ஹாதோர்ன் என்ற தொலைபேசிக் கருவி ஆலையில் நடந்தது. 1928 முதல் 1930 வரை அங்கு 20,000க்கும் அதிகமான தொழிலாளர்களை உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். முதலில் தயாரித்த கேள்விகளோடு போனார்கள், பலன் குறைவு. பிறகு கேள்வித்தாளை ஒதுக்கிவிட்டு, அவர்களே விரும்பியதைப் பேசட்டும் என்று விட்டதும் அரை மணி நேரப் பேட்டி ஒரு மணி நேரத்தையும் தாண்டியது. உணவகச் சாப்பாட்டைப் பற்றிக் குறைகூறிய ஒரு பெண், சில நாள்களில் பேட்டி எடுத்தவரைக் கண்டு, "நீங்கள் சொன்னதும் சாப்பாடு நன்றாகிவிட்டது" என்று நன்றி தெரிவித்தாராம். பேட்டியாளரோ யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

மனம்விட்டுப் பேசினாலே பாரம் குறையும் என்பதற்கு இதை உதாரணமாகக் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கேட்பதுபோல் இருந்தாலே போதும், எதையும் மாற்ற வேண்டியதில்லை என்று சில நிர்வாகங்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டன. ஆண்டுதோறும் ஊழியர் கருத்தாய்வு நடத்திவிட்டு, முடிவை வெளியிடாமல் கோப்பில் வைக்கும் அலுவலகங்கள் அந்த வழியில்தான் நடக்கின்றன. முதலாண்டு ஊழியர்கள் பத்தி பத்தியாக எழுதுவார்கள். மூன்றாம் ஆண்டில் எல்லாக் கேள்விக்கும் நடுவில் உள்ள கட்டத்தைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஜப்பானிய வழி சிங்கப்பூருக்கும் புதிதல்ல. நூமி தொடங்குவதற்கு முன்பே, 1982ல் இங்கு உற்பத்தித்திறன் இயக்கம் தொடங்கப்பட்டது. அதன் சின்னமான 'டீமி' என்ற தேனீயை உங்கள் பெற்றோரிடம் கேட்டால் நினைவுகூர்வார்கள். ஊழியர்கள் சிறு குழுக்களாகக் கூடி, தங்கள் வேலையைத் தாங்களே எப்படிச் சீர்செய்வது என்று யோசனை சொல்லும் முறை அரசாங்கத் துறைகளில் பரவலாகக் கொண்டுவரப்பட்டது. அதனால் பலன்களும் உண்டு. ஆனாலும் மேலதிகாரி சொன்னதற்கு மறுபேச்சுப் பேசினால் மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் ஆழமாக இருக்கிறது. மரியாதை வேறு, மௌனம் வேறு என்பதை வீட்டிலும் பள்ளியிலும் நாம் போதுமான அளவு சொல்லித் தரவில்லை.

மௌனத்தின் விலை சில சமயம் உயிராகவும் இருக்கும். 2021 பிப்ரவரி 24ஆம் தேதி துவாஸில் ஒரு தொழிற்கூடத்தில் நிகழ்ந்த வெடிப்பில் மூன்று வெளிநாட்டு ஊழியர்கள் மாண்டனர். மேலும் பலர் தீக்காயமடைந்தனர். அந்த இயந்திரத்தில் எண்ணெய்க் கசிவும் சிறு தீச்சம்பவங்களும் முன்பே நேர்ந்திருந்தன என்பது விசாரணைக் குழுவின் முன் தெரியவந்தது. அறிகுறிகள் இருந்தன, இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது. மறு ஆண்டில், அதாவது 2022ல், வேலையிட விபத்துகளில் இந்நாட்டில் 46 பேர் உயிரிழந்தனர். அந்த ஆண்டு அக்டோபரில், நிறுவனத் தலைமை நிர்வாகிகளும் இயக்குநர்களும் பாதுகாப்பில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரையறுக்கும் நடைமுறைத் தொகுப்பு வந்தது. ஊழியர்களையும் பாதுகாப்பு முயற்சிகளில் பங்குபெறச் செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று.

இங்கே தமிழ் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் தமிழகத்திலிருந்து வந்த ஊழியர்கள் ஏராளம். ஆங்கிலத்தில் விளக்கம் தந்துவிட்டு "புரிந்ததா?" என்று கேட்டால், "ஓகே சார்" என்றுதான் பதில் வரும். புரிந்ததற்கும் அதே பதில், புரியாததற்கும் அதே பதில். நாளை நீங்கள் பொறியாளராகவோ பாதுகாப்பு அதிகாரியாகவோ அங்கே நிற்கும்போது, "அண்ணே, நீங்க இதை எப்படிச் செய்யப்போறீங்க, ஒரு தடவை சொல்லுங்க" என்று தமிழில் கேட்டால் போதும், எது புரிந்தது, எது புரியவில்லை என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். தாய்மொழி வேலைக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

சட்டமும் நகர்ந்திருக்கிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், முறையீடுகளை விசாரிக்கும் நடைமுறை நிறுவனங்களில் இருக்க வேண்டும் என்கிறது. முறையிட்டவரைப் பழிவாங்குவதையும் தடைசெய்கிறது. 25க்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. சட்டம் கயிற்றை மாட்டித் தரும். இழுத்ததும் ஓடிவரும் குழுத் தலைவரைச் சட்டத்தால் தர முடியாது.

மேலாளராக இன்னும் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும் என்று நினைக்காதீர்கள். இணைப்பாட நடவடிக்கையில் குழுத் தலைவராக, திட்டப்பணிக்குப் பொறுப்பாளராக, தேசிய சேவையில் ஏழெட்டுப் பேருக்குத் தலைவராக உங்களில் பலர் ஏற்கெனவே அந்த இடத்தில் இருக்கிறீர்கள். "யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவிட்டு, நான்கு கட்டைவிரல் படங்கள் வந்ததும் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்கிறோம். சமர்ப்பிக்கும் நாளுக்கு முதல்நாள் இரவுதான் ஒருவர் தம் பகுதியைத் தொடவே இல்லை என்று தெரியவருகிறது. அவர் சோம்பேறியாகவும் இருக்கலாம். பத்து நாளுக்கு முன்பே சொல்ல நினைத்து, வேறொருவர் சொன்னபோது அவருக்குக் கிடைத்த பதிலைப் பார்த்து அடங்கிப் போனவராகவும் இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் "எந்தப் பகுதி கடினமாக இருக்கிறது?" என்று பெயர் சொல்லி ஒவ்வொருவரையும் கேளுங்கள். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். தலைவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. ஒருவர் "என்னால் முடியவில்லை" என்றால் கோபம் வரத்தான் செய்யும். கோபத்தைப் பிறகு வைத்துக்கொண்டு, முதலில் எவ்வளவு மீதம் என்று கேளுங்கள்.

கயிற்றை இழுப்பவருக்கும் பொறுப்பு உண்டு. கெட்ட செய்தியைக் கடைசி நாள்வரை பொத்தி வைக்காமல், தெரிந்தவுடன் சொல்ல வேண்டும். என்ன நடந்தது, எதுவரை முயன்று பார்த்தீர்கள், என்ன உதவி தேவை என்ற மூன்றையும் இரண்டு நிமிடத்தில் சொல்லக் கற்றுக்கொண்ட பயிற்சி மாணவரைச் சிடுசிடுக்கும் மேற்பார்வையாளர்கூட நின்று கேட்பார்.

வேலை நேர்காணலின் முடிவில் "எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா?" என்பார்கள். பெரும்பாலோர் இல்லை என்று புன்னகைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அடுத்த முறை இதைக் கேட்டுப் பாருங்கள்: "இந்தப் பிரிவில் கடைசியாக ஓர் ஊழியர் சொன்ன எந்த விஷயத்தால் வேலை முறை மாறியது?" உடனே ஓர் உதாரணம் வந்தால் அந்த இடத்தில் கயிறு இருக்கிறது. "எங்கள் கதவு எப்போதும் திறந்தே இருக்கும்" என்று மட்டும் பதில் வந்தால், அந்தக் கதவு வழியாகக் கடைசியாக யார் உள்ளே போனார் என்று பணிவோடு இன்னொரு கேள்வியும் கேட்கலாம்.